நீகான் எங்கே?

ஒரு ஜனசமூகம் எத்தொழிலைக் கைவிடுகின்றதோ, அத்தொழிலுக்குரிய சொற்களையும் உடன் மறந்துவிடுகின்றது. "நீகான்" என்னும் பழஞ்சொல்லின் சரித்திரம் இதற்குத் தக்க சான்று. மரக்கலத்தைச் செலுத்துவோனுக்கு நம் முன்னோர் இட்ட பெயர் இது. மீகான், மீகாமன் என்ற வடிவங்களும் உண்டு. இன்று கற்றவர்களிலும் எத்தனை பேர் இச்சொல்லைக் கேட்டவுடன் பொருள் கூற வல்லார்?

அகநானூற்றின் 255-ம் பாட்டில் மதுரை மருதனிளநாகனார் இதனை ஆண்டிருக்கிறார். கடல் கடந்து சென்ற காதலனை நினைந்து தலைவி வருந்துவதே அப்பாட்டின் விஷயம். பெரியதொரு கலம், காற்றால் உந்தப்பெற்று, இரவும் பகலும் ஓயாது கடலைப் பிளந்து செல்கின்றது. கரை மாடத்தில் எரியும் விளக்கின் ஒளியால் திசையறிந்து நீகான் அதைச் செலுத்துகிறான். கடல் வழக்கை நேரில் அறிந்த சமூகத்திலன்றி இத்தகைய வர்ணனை பிறவாது.

மணிமேகலையிலோ காட்சி வேறு. காலவேகம் என்னும் அரச யானை மதங்கொண்டு புகார் நகர வீதிகளில் ஓடுகின்றது. அதற்குப் புயலில் அகப்பட்ட கலத்தைச் சாத்தனார் உவமை கூறுகிறார். கூம்பு, அதாவது பாய்மரம், முறிகிறது, கயிறுகள் அறுகின்றன, இதை என்னும் பாய் கிழிந்து ஒலிக்கிறது, நீகான் நடுங்குகிறான். பாகர் கையற்று நிற்பதும் நீகான் நடுங்குவதும் எவ்வளவு பொருத்தம்! முந்தைய பாட்டில் அவனது திறமையைக் கண்டோம். இங்கே அவனையும் மீறிய கடலைக் காண்கிறோம்.

இவற்றின் இடத்தில் இன்று வழங்கும் சொற்கள் யாவை? மாலுமியும் சுக்கானும் அரபு மொழி தந்தவை, நங்கூரம் பாரசீகத்தினின்று வந்தது, கேப்டன் ஆங்கிலம். பிறமொழிச் சொற்களை ஏற்பது குற்றமென்று நாம் கூறவில்லை. நமது கட்டுமரமும் ஆங்கிலத்திற் புகுந்து, 1697-ல் வெளிவந்த டாம்பியரின் யாத்திரை நூலில் இடம்பெற்றதன்றோ? கொடுத்தலும் கொள்ளுதலும் கடல் வாணிகத்தின் இயல்பு. ஆனால் கொண்டதற்காக உள்ளதை இழத்தல் வாணிகமன்று; நஷ்டமே.

1906-ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ.உ. சிதம்பரம் பிள்ளையைக் "கப்பலோட்டிய தமிழர்" என்று நாடு போற்றுகின்றது. அவ்விரு சொற்களின் பொருளில் பெரும்பகுதியை ஒரு சொல்லில் அடக்கிவைத்த பாஷை நம்முடையது. அச்சொல் நம் நினைவில் இல்லை.

எனினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. 2014-ல் ஒரு திரைப்படத்துக்கு "மீகாமன்" என்றே பெயரிட்டனர். ஜனங்கள் அதனைக் கடினமென்று ஒதுக்கவில்லை. பாடப் புத்தகம் எழுதுவோரும் பத்திரிகை நடத்துவோரும் மேடையிற் பேசுவோரும் இதனைத் தயங்காது வழங்குவார்களாக. அகராதியில் உறங்கும் சொல் கரையில் ஏற்றிய கலம் போன்றது. அதனை நீரில் இறக்குவது நம் கடமை.