மீண்டும் ஏன் கேட்கிறோம்?

“பத்து ஆண்டுகளாக இங்கேதான் வருகிறோம். அவருடைய பெயர், வயது, மாத்திரை எல்லாம் உங்களிடமே இருக்கின்றன. மறுபடியும் முதலிலிருந்து ஏன் கேட்கிறீர்கள்?” கடந்த சில வாரங்களாக எங்கள் பிரிவின் முன் காத்திருப்போர் பலரும் எழுப்பும் கேள்வி இது. நியாயமான கேள்வியே. வரிசை நகர்ந்துகொண்டிருக்கும் வேளையில் இதற்கு இரண்டு சொற்களில் விடை கூற இயலவில்லை. ஆகவே இவ்விதழின் வாயிலாக விளக்கமளிக்க விரும்புகிறோம்.

செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவர்கள், ஒழுங்கற்ற இதயத் துடிப்பு உள்ளவர்கள், காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்து அடைப்பு ஏற்பட்டவர்கள் ஆகியோர் எங்கள் பிரிவுக்கு வருகின்றனர். ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனையின் முடிவைப் பார்த்து, உறைவைத் தடுக்கும் மாத்திரையின் அளவைத் திருத்தித் தருவது எங்கள் பணி. ஒரு மருத்துவர், இரு செவிலியர், ஒரு மருந்தாளுநர், ஒரு பதிவு எழுத்தர் என ஐவரே இங்குப் பணியாற்றுகிறோம். இதுவரை உங்கள் விவரங்கள் மூன்று இடங்களில் இருந்தன: மேசையிலுள்ள நீண்ட பதிவேடு, எழுத்தரின் கணினியிலுள்ள அட்டவணை, நினைவூட்டல் அழைப்புக்காகச் செவிலியர் வைத்திருந்த தொலைபேசிப் பட்டியல். இம்மூன்றையும் ஒன்றாக்கிப் புதிய மென்பொருளுக்கு மாற்றும் பணி இப்போது நடைபெறுகிறது.

வணிக நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர் விவரங்களைப் பேணுவதற்குச் சி.ஆர்.எம். என்ற வகை மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. யார் எப்போது வந்தார், அடுத்து எப்போது வர வேண்டும், எந்த எண்ணில் அழைக்கலாம் என்பவற்றை அது நினைவில் வைத்திருக்கும். எங்களுக்கு வந்துள்ளதும் ஏறத்தாழ அத்தகைய ஏற்பாடுதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கடைக்காரரின் நினைவூட்டல் தவறினால் ஒரு விற்பனை தவறும். இங்கே ஒரு நினைவூட்டல் தவறினால் ஐ.என்.ஆர். அளவு கவனிக்கப்படாமல் போகும். பெரும்பாலானோருக்கு அது 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். மைட்ரல் வால்வு இருக்குமிடத்தில் உலோக வால்வு பொருத்தப்பட்டவர்களுக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை. மிகவும் குறைந்தால் வால்வில் இரத்தம் உறைந்து பக்கவாதம் வரக்கூடும். மிகவும் கூடினால் இரத்தக் கசிவு ஏற்படக்கூடும். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள குறுகிய பாதையில் உங்களை அழைத்துச் செல்லும் கைவிளக்கே உங்கள் பதிவு.

எண்கள் வழியில் உருமாறும்

கணினியிலிருந்து கணினிக்குத் தரவை மாற்றுவது ஓர் அறையிலுள்ள பெட்டியை அடுத்த அறைக்குத் தூக்கிச் செல்வது போன்றதென்றே பலரும் கருதுகின்றனர். பெட்டி வழியில் உருமாறுவதில்லை, தரவு உருமாறும்.

எங்கள் பிரிவில் அரை மாத்திரை அளவு மிகவும் சாதாரணம். பதிவேட்டில் ஒன்றின் கீழ் இரண்டு என்று எழுதுவோம். அதையே கணினி அட்டவணையில் ஒன்று, சாய்கோடு, இரண்டு எனத் தட்டச்சு செய்தால், அதனைத் தேதி என்று எண்ணிக்கொள்ளும் வழக்கம் அத்தகைய மென்பொருள்களுக்கு உண்டு. கணினியின் அமைப்பைப் பொறுத்து அது பிப்ரவரி 1 ஆகவோ ஜனவரி 2 ஆகவோ மாறிவிடும். சுழியத்தில் தொடங்கும் பதிவு எண்ணை இட்டால் முன்னுள்ள சுழியங்கள் மறைந்துவிடும். 05/06 என்பது ஜூன் ஐந்தா, மே ஆறா என்பதிலும் இரு கணினிகளுக்குள் கருத்து வேறுபாடு எழலாம்.

இவை சிறு ஊர்களின் சிறு குழுக்களுக்கு மட்டும் நேரும் தொல்லைகள் அல்ல. மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் பன்னாட்டுக் குழு, மார்ச், செப்டம்பர் மாதப் பெயர்களை ஒத்திருந்த சில மரபணுக்களின் குறியீடுகளையே மாற்ற நேர்ந்தது. எக்செல் அவற்றைத் தேதிகளாக மாற்றிவந்ததே காரணம். அதற்கான நெறிமுறை 2020-இல் வெளியாயிற்று. அதே ஆண்டில் இங்கிலாந்தில், செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான காலத்தில் கொரோனா தொற்று உறுதியான 15,841 பேரின் விவரங்கள் அன்றாடக் கணக்கில் சேராமல் விடுபட்டன. ஆய்வகத் தரவை ஏற்றிய கோப்பு பழைய வகையைச் சேர்ந்தது. அதில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. நோயாளிகளுக்குப் பரிசோதனை முடிவு கிடைத்துவிட்டது. ஆனால் அவர்களுடன் பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணி தாமதமாயிற்று. கணினி எந்த ஓசையும் எழுப்பவில்லை என்பதே இதில் அச்சமூட்டும் செய்தி. தரவு தொலையும்போது கண்ணாடி உடையும் ஒலி கேட்பதில்லை.

ஒரு பெயர், பல எழுத்துகள்

அடுத்தது பெயர். நம் வழக்கத்தில் தந்தையின் பெயர் முதலெழுத்தாக முன்னே நிற்கிறது. திருமணத்திற்குப் பின் சில பெண்களுக்கு அம்முதலெழுத்து கணவருடையதாக மாறுகிறது. புதிய மென்பொருளோ முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கட்டங்களைக் காட்டி நிரப்பச் சொல்கிறது. அதற்கு மேல் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. லட்சுமி என்னும் ஒரே பெயரை ஒருவர் கே, எஸ், எச் என்ற எழுத்துகளால் எழுதுவார். இன்னொருவர் எக்ஸ் என்ற ஓரெழுத்தால் எழுதுவார். மற்றொருவர் டி, சி, எச் இட்டு எழுதுவார். கணினிக்கு இவர்கள் மூவர். நமக்கு ஒருவரே.

ஒரே நபருக்கு இரண்டு பதிவுகள் இருந்தால் அவருடைய ஐ.என்.ஆர். வரலாறு இரண்டாகப் பிளந்துவிடும். இரண்டு நபர்கள் ஒரே பதிவில் கலந்துவிட்டால் நிலைமை அதைவிடக் கடினம். ஒருவருடைய மருந்தளவு மற்றவருடைய பெயரில் நிற்கும். நோயாளியை அடையாளம் காணக் குறைந்தது இரண்டு விவரங்களையாவது ஒப்பிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் பரிந்துரைத்தது இதனால்தான். பெயருடன் பிறந்த தேதியைக் கேட்கிறோம். பிறந்த தேதி தெரியாத முதியோர் பலருக்கு ஜனவரி 1 என்றே ஆவணங்களில் உள்ளது. எனவே அவர்களிடம் மருத்துவமனைப் பதிவு எண்ணையும், அறுவை சிகிச்சை நடந்த ஆண்டையும் சேர்த்துக் கேட்கிறோம். உங்களை மறந்துவிட்டதால் கேட்கவில்லை. உங்களை இன்னொருவராக எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே கேட்கிறோம்.

வெற்றுக் கட்டம் ‘இல்லை’ ஆகாது

பழைய பதிவுகளில் ‘மருந்து ஒவ்வாமை’ என்ற கட்டம் பலருக்கு வெறுமையாக உள்ளது. இதற்கு மூன்று பொருள்கள் இருக்கலாம். கேட்டோம், ஒவ்வாமை இல்லை என்றார், கேட்க நேரமில்லை, சொன்னார், வேறொரு தாளில் எழுதப்பட்டது. தாளைப் புரட்டும் மனிதர் இவ்வையத்தை உணர்ந்து ஒரு கணம் தயங்குவார். மென்பொருள் தயங்காது. வெறுமையை ‘ஒவ்வாமை எதுவுமில்லை’ என்று அது திரையில் காட்டிவிட்டால், அதன்பின் பார்ப்பவர் அனைவரும் அதையே நம்புவர்.

எங்கள் பிரிவில் இது வெறும் எழுத்துப் பிழையாக நின்றுவிடாது. வாதக் காய்ச்சலால் வால்வு பழுதுற்றவர்களில் பலர் மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுக்கொள்கின்றனர். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு அவ்வூசி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே வெற்றுக் கட்டம் எதையும் நாங்கள் ‘இல்லை’ என்று மாற்றுவதில்லை. ‘இன்னும் கேட்கப்படவில்லை’ என்று குறித்து வைத்து, நீங்கள் வரும்போது கேட்டு நிரப்புகிறோம்.

காலி மாத்திரை அட்டை காட்டிய உண்மை

இவ்வாறு கேட்டதால் விளைந்த பயன் ஒன்றை, நோயாளியின் அடையாளம் தெரியாத வகையில், இங்கே குறிப்பிடுகிறோம். வால்வு மாற்று அறுவை செய்துகொண்ட முதிய அம்மையார் ஒருவர் சில மாதங்கள் வெளியூரில் மகள் வீட்டில் தங்கியிருந்தார். எங்கள் பதிவின்படி அவர் உட்கொள்ளும் மருந்து வார்ஃபரின். திரும்பி வந்தபோது அவருடைய குறிப்பேட்டில் புதிய அளவு மட்டும் எழுதப்பட்டிருந்தது. மருந்தின் பெயர் இல்லை. பெயர், அளவு இரண்டையும் சேர்த்துப் புதிய மென்பொருளில் ஏற்றுவதற்கு முன், மாத்திரை அட்டை ஏதேனும் உள்ளதா என்று செவிலியர் வினவினார். அம்மையாரின் மருமகள் பையைத் துழாவி, தீர்ந்துபோன அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். அதில் இருந்த பெயர் அசெனோகூமரால்.

இரண்டும் இரத்த உறைவைத் தடுப்பவையே. ஆனால் ஒன்றின் அளவு மற்றொன்றுக்குப் பொருந்தாது. பொதுவாக அசெனோகூமராலைக் குறைந்த அளவிலேயே தர வேண்டியிருக்கும். அதன் விளைவும் வார்ஃபரினைவிட விரைவில் குறையும். வெளியூர் மருத்துவர் மருந்தை மாற்றியது தவறன்று. அச்செய்தி இங்கு வந்து சேரவில்லை, அவ்வளவே. வார்ஃபரின் என்று அச்சிட்ட சீட்டுடன் அவர் வீடு திரும்பியிருந்தால், கையிலிருந்த மாத்திரையுடன் இதையும் சேர்த்து உட்கொள்ளும் வாய்ப்பு இருந்தது. வீசியெறியாமல் வைத்திருந்த ஒரு காலி அட்டை அதனைத் தடுத்தது. அன்றுமுதல் எல்லோரிடமும் அட்டையைக் கேட்கிறோம்.

மாற்றம் எப்படி நடைபெறுகிறது

எல்லாப் பதிவுகளையும் ஒரே இரவில் மாற்றப்போவதில்லை. அந்தந்த நாள் பரிசோதனைக்கு வருவோரின் பதிவுகளை மட்டும் அன்றன்றே மாற்றுகிறோம். ஒருவர் பதிவேட்டிலிருந்து உரக்கப் படிக்க, இன்னொருவர் திரையைப் பார்த்துச் சரிபார்க்கிறார். மருந்தின் பெயர், அளவு, ஐ.என்.ஆர். இலக்கு, ஒவ்வாமை ஆகிய நான்கையும் மருத்துவர் தாமே பார்த்து ஒப்பமிடுகிறார். மாலையில் பதிவேட்டின் எண்ணிக்கையும் கணினியின் எண்ணிக்கையும் ஒத்துள்ளனவா என்று கணக்கிடுகிறோம். அரை மாத்திரை என்பதை இனிப் பின்னமாக எழுதாமல், அரை என்று சொல்லாலும் மில்லிகிராம் அளவாலும் எழுதுகிறோம். பழைய பதிவேடுகளை அழிக்கவில்லை. ஐயம் எழும்போது எடுத்துப் பார்ப்பதற்காகப் பூட்டி வைத்திருக்கிறோம்.

உங்கள் விவரம், உங்கள் உரிமை

மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் 2023-இல் இயற்றப்பட்டது. தம்மைப் பற்றிய பிழையான விவரத்தைத் திருத்தக் கோரும் உரிமை அச்சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளின்படி, நோயாளி தம் மருத்துவ ஆவணங்களைக் கோரினால் 72 மணி நேரத்திற்குள் அவற்றை வழங்க வேண்டும். 14 இலக்கங்கள் கொண்ட ஆபா சுகாதாரக் கணக்கு எண் உள்ளவர்கள் அதனைத் தெரிவிக்கலாம். அது விருப்பத்தின்பாற்பட்டது, எண் இல்லை என்பதற்காகச் சிகிச்சை தடைபடாது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பதிவு மாற்றத்திற்காக நாங்கள் யாரிடமும் தொலைபேசியில் ஓ.டி.பி., வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் ஆகியவற்றைக் கேட்பதில்லை; கட்டணமும் வாங்குவதில்லை. மருத்துவமனையின் பெயரைச் சொல்லி எவரேனும் கேட்டால் இணைப்பைத் துண்டித்துவிட்டு எங்களுக்குத் தெரிவியுங்கள்.

அடுத்த முறை வரும்போது

ஐ.என்.ஆர். குறிப்பேடு, தற்போது உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், அறுவை சிகிச்சைக்குப் பின் தந்த டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். வலி மாத்திரை, நாட்டு மருந்து, கடையில் கேட்டு வாங்கியவை எதையும் விட்டுவிட வேண்டாம். இவற்றுள் பல உறைவுத் தடுப்பு மருந்தின் விளைவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். எந்த மருந்தாவது முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், அப்போது உடலில் என்ன நேர்ந்தது என்பதையும் கூறுங்கள். நினைவூட்டல் அழைப்பை எடுக்கக்கூடிய இருவரின் எண்களைத் தாருங்கள். வேலைக்காக வெளிநாடு சென்றுவிட்ட மகனின் பழைய எண்ணே இன்றும் பலருடைய பதிவில் உள்ளது. அவ்வெண்ணில் அழைத்தால் வேறு யாரோ பேசுகின்றனர்.

சரிபார்த்து முடித்ததும் உங்கள் விவரங்களை அச்சிட்டு ஒரு தாள் தருவோம். அதனை மடித்துப் பையில் வைத்துவிடாமல் அங்கேயே படித்துப் பாருங்கள். எழுத்துச் சிறிதாகத் தெரிந்தால் உடன் வந்தவரைப் படிக்கச் சொல்லுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள். அதனால் எவருக்கும் மனவருத்தம் ஏற்படாது. இப்பணியால் ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம் கூடுதலாகக் காத்திருக்க நேரிடுகிறது என்பதை அறிவோம். விடியுமுன் பேருந்து ஏறி வருவோருக்கு அது சிறு சுமை அன்று. வெகு தொலைவிலிருந்து வருபவர்கள் வரிசைச் சீட்டு வாங்கும்போதே செவிலியரிடம் தெரிவித்தால், அவர்களுடைய பதிவை முதலில் எடுத்துக்கொள்வோம்.