மரம் தீர்ந்தது, ஊர் நிலைத்தது!

சட்டசபை கூடுகிறது. உறுப்பினர் போயாக வேண்டும். ரெயில் இல்லை, நல்ல சாலையும் இல்லை. எங்கு பார்த்தாலும் பனி!

அவர் தயங்கவில்லை. பனியில் புதையாமல் இருக்க, அகலமான பின்னல் செருப்பை மாட்டிக்கொண்டார். காட்டு வழியே நடக்கத் தொடங்கினார். தலைநகரான லான்சிங் 150 மைலுக்கு அப்பால் இருந்தது.

அவர்தான் பெரி ஹன்னா. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள டிராவர்ஸ் சிட்டியின் தந்தை என்று புகழப்படுபவர்.

மர ஆலை

ஹன்னா 1824-ல் பிறந்தார். 1851-ல் கூட்டாளிகளுடன் சேர்ந்து 4,500 டாலருக்கு ஒரு மர அறுவை ஆலையை வாங்கினார். அது ஏரிக்கரையில், பைன் காட்டின் நடுவே இருந்தது.

காட்டில் மரங்கள் சாய்ந்தன. ஆலையில் பலகைகள் ஆயின. அவை கப்பலேறிச் சிகாகோ நகருக்குப் போயின. பணம் குவிந்தது. ஆலையைச் சுற்றி ஊர் வளர்ந்தது.

அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் ஒடாவா, ஒஜிப்வே பழங்குடி மக்கள். 1836-ல் செய்த ஓர் ஒப்பந்தத்தால் அவர்கள் நிலத்தை இழந்தார்கள். அதன் பிறகே அங்கு மர வியாபாரம் வந்தது.

பிறகு என்ன?

வெட்ட வெட்ட வளர்வதற்குக் காடு என்ன கீரைப் பாத்தியா? மரம் தீர்ந்தால் ஆலை நிற்கும், கூலி நிற்கும். மரத்தொழிலை நம்பிய எத்தனையோ ஊர்கள் அப்படிப் பாழாயின.

ஹன்னாவின் ஊருக்கு அந்தக் கதி வரவில்லை. அவருடைய நிறுவனம் கடை நடத்தியது, வங்கி நடத்தியது. 1872-ல் ஊருக்கு ரெயில் வந்தது. 1881-ல் ஊராட்சியின் முதல் தலைவர் ஆனார் ஹன்னா.

மாநில அரசு ஒரு பெரிய மனநல மருத்துவமனை கட்ட இடம் தேடியது. தம் செல்வாக்கைப் பயன்படுத்தி, அதை டிராவர்ஸ் சிட்டிக்கே கொண்டுவந்தார் ஹன்னா. 1885-ல் அது திறக்கப்பட்டது. நோயாளிகளுக்குப் புகலிடம் கிடைத்தது. ஊராருக்கு வேலை கிடைத்தது. சுமார் 100 ஆண்டுகள் நடந்த அந்த மருத்துவமனை 1989-ல் மூடப்பட்டது.

இன்று

ஹன்னா 1904-ல் காலமானார். அவர் கட்டிய மாளிகை இன்றும் இருக்கிறது. மருத்துவமனைக் கட்டடங்களில் இன்று வீடுகளும் கடைகளும் இருக்கின்றன. மரத்தால் பிழைத்த ஊர் இப்போது செர்ரிப் பழத்தால் பெயர் பெற்றிருக்கிறது.

பழங்குடி மக்களும் அந்த மண்ணை விட்டுப் போய்விடவில்லை. 1980-ல் அமெரிக்க அரசு அவர்களை ஒரு தனி இனக்குழுவாக அங்கீகரித்தது.

காட்டை அழித்துப் பணக்காரர் ஆனவர்கள் பலர். பணம் சேர்ந்ததும் வெளியேறிவிடாமல், அதே ஊரில் வாழ்ந்து, அங்கேயே கண்மூடியவர் ஹன்னா!