உப்பளத்துக் கூட்டும் ஏட்டுக் கணக்கும்

புத்தளத்துக் களப்பின் ஓரமாகக் கோடைக் காலத்தில் செல்வோர் கண்ணுக்கு வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள் தோன்றும். பாத்திகளில் தேக்கிய நீர் வெயிலில் வற்ற, விளைந்த உப்பை வாரிக் குவித்து, மழைக்கு அஞ்சித் தென்னோலையால் வேய்ந்து வைப்பர். அத்தகைய குவியல் ஒன்றில் ஒருவர் நிலமும் மற்றொருவர் பணமும் இன்னொருவர் உழைப்பும் கலந்திருக்குமாயின், எவருக்கு எவ்வளவு உரியது? இக்கேள்விக்கு விடை காணும் கலையே பங்குடைமைக் கணக்கு.

புத்தளத்திலும் கற்பிட்டியிலும் உயர்தர வகுப்பில் வர்த்தகம் பயிலும் மாணவர்க்கு இது பாடமாக இருக்கின்றது. இதனை வெறுங் கூட்டல் கழித்தல் என்று எண்ணி மனனஞ் செய்வோர் பலர். உண்மையில், மனிதர் தம்முள் செய்துகொள்ளும் உடன்பாட்டை எண்களால் எழுதும் முறையே அது. உடன்பாடு தெளிவாக இல்லையெனில் எத்துணைத் திறமையான கணக்கரும் நீதியான கணக்கை எழுதிவிட முடியாது.

உதாரணமாக மூவரை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் 12 இலட்சம் ரூபாவும், இரண்டாமவர் 6 இலட்சமும் மூலதனமாக இடுகின்றனர். மூன்றாமவர் பணம் இடவில்லை. உப்பளத்தில் நின்று வேலையை நடத்துகின்றார். ஆண்டு இலாபம் 9 இலட்சம். பத்திரம் எழுதிக் கையொப்பமிட்டும் இலாபத்தை எப்படிப் பிரிப்பது என்று அதில் குறிக்கவில்லை என்று கொள்வோம். அப்பொழுது, இலங்கையிலும் பின்பற்றப்படும் 1890ஆம் ஆண்டின் ஆங்கிலப் பங்குடைமைச் சட்டம் முன்வந்து நிற்கும். மூலதனத்துக்கு வட்டி இல்லை; உழைத்தவருக்குச் சம்பளம் இல்லை; இலாபம் சமமாகப் பிரியும். ஆளுக்கு 3 இலட்சம். மூலதனத்துக்கு மேலாக ஒருவர் கடன் கொடுத்திருந்தால் அதற்கு மட்டும் 5 வீத வட்டி உண்டு.

அதே மூவரும் மூலதனத்துக்கு 10 வீத வட்டி, மூன்றாமவருக்கு ஆண்டுக்கு 2 இலட்சத்து 40 ஆயிரம் சம்பளம், எஞ்சியது 2:1:1 என்று எழுதியிருந்தால் என்ன நிகழும்? வட்டி 1 இலட்சத்து 80 ஆயிரம். சம்பளத்தையும் சேர்த்துக் கழித்தால் எஞ்சுவது 4 இலட்சத்து 80 ஆயிரம். முடிவில் முதலாமவருக்கு 3 இலட்சத்து 60 ஆயிரம். இரண்டாமவருக்கு 1 இலட்சத்து 80 ஆயிரம். மூன்றாமவருக்கும் 3 இலட்சத்து 60 ஆயிரம். உப்பும் அதுவே, இலாபமும் அதுவே. எழுதிய இரண்டு வரிகளால் பங்கு எவ்வளவு மாறிவிட்டது பாருங்கள்!

பத்திரமே எழுதாதவர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. மூலதனம் ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்டால், பங்குடைமை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து கையொப்பமிடப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் விதி. வாய்ச்சொல்லை நம்பிய பங்காளி நீதிமன்றத்தில் தமது உரிமையை நிலைநாட்ட இயலாமற் போகலாம். ஆனால் கடன் கொடுத்த வெளியாருக்கு அத்தடை இல்லை. அவர்கள் கூட்டாக நடந்துகொண்டோர்மீது வழக்கிடலாம். பங்கு கேட்கும்போது கைவிடும் எழுத்தில்லாக் கூட்டு, கடன் தீர்க்கும்போது மட்டும் கழுத்தைப் பிடிக்கும்! பங்குடைமையில் கடனுக்கு எல்லை இல்லையாதலால் குடியிருக்கும் வீடும் அதற்கு ஈடாகலாம்.

பங்காளி ஒருவர் விலகும்போதோ மறையும்போதோ கணக்கு மேலும் நுணுக்கமாகும். ஓலைக்குக் கீழே உள்ள உப்பை என்ன விலைக்கு மதிப்பது? ஆக்கச் செலவு, விற்றால் நிகரமாகக் கிடைக்கும் தொகை, இரண்டில் குறைந்ததையே எடுக்க வேண்டும் என்பது கணக்கீட்டு நியமம். நெடுநாள் வாடிக்கையால் தொழிலுக்குக் கிடைத்த நன்மதிப்புக்கும் விலை காண வேண்டும். இவற்றை விட்டுவிட்டால் விலகுபவரோ, மறைந்தவரின் மனைவி மக்களோ நஷ்டமடைவர்.

கம்பனியின் இயல்பு வேறு. சட்டத்தின் கண்ணில் அது தனியோர் ஆள். பங்குதாரர் இறந்தாலும் அது இறப்பதில்லை. வரையறுத்த கம்பனியில் பங்குதாரரின் பொறுப்பு அவர் பங்குக்குக் கொடுக்க வேண்டிய தொகையளவில் நின்றுவிடும். இச்சலுகைக்கு ஈடாகக் கடன் கொடுத்தோரைக் காக்கும் விதிகளும் உள்ளன. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் பங்குகளின் முகப்பெறுமதியை நீக்கிக் ‘கூறப்பட்ட மூலதனம்’ என்பதைக் கொண்டுவந்தது. பங்கிலாபம் கொடுத்த பின்னரும் கம்பனி தன் கடன்களை உரிய காலத்தில் தீர்க்க வல்லதாயிருத்தல் வேண்டும். அதன் சொத்துகள், பொறுப்புகளும் கூறப்பட்ட மூலதனமும் சேர்ந்த தொகையிலும் கூடுதலாயிருத்தல் வேண்டும். மாணவர் இக்காரணத்தை உணர்ந்தால் ஐந்தொகையின் ஒவ்வொரு வரியும் தானே விளங்கும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். களப்பிலே போடும் பணத்துக்கும் அது பொருந்தும் அன்றோ? அண்ணன் தம்பியாகவும் மாமன் மைத்துனராகவும் கூடித் தொழில் செய்யும் குடும்பங்கள் நம்மிடையே அநேகம். எழுதிக் கேட்பது அன்பின்மை என்று அவர்கள் கூசுகின்றனர். அன்பு கெடாதிருப்பதற்கே எழுத்து வேண்டும். வீட்டிலே கணக்கீடு பயிலும் பிள்ளை ஒருவர் இருந்தால், அவரை அழைத்துக் குடும்பத் தொழிலின் பத்திரத்தை வாசிக்கச் சொல்லுங்கள். பத்திரம் இல்லையெனில், அடுத்த உப்பு விளையுமுன் ஒன்றை எழுதுவிக்க ஆவன செய்யுங்கள்.