திண்ணை வகுப்பும் சுழித்த கொம்பும்

ஆசிரியத் தொண்டென்றால் கடல் கடந்து பிறநாடு சென்று புரிவதென்றே நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். எம் கல்லூரி மாணவருள்ளும் அத்தகைய ஆசையுடையார் சிலர் உளர்; அதனை யாம் குறை கூறோம். ஆயினும் 2025ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில், பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் யாம் மூவர் பத்து நாள் தங்கிப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தபோது, அவ்வூரே எமக்கு அயல்நாடாயிருந்தது. அப்பணி எத்தகையதென்பதை ஈண்டு விளக்குவாம்.

கொரோனா நோயினால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தமிழ்நாட்டுப் பள்ளிகளில், முதல் எட்டு வகுப்புகள் 2021 நவம்பர் முதல் நாளன்றே திறந்தன. இடையில் பிள்ளைகள் இழந்ததை ஈடுசெய்யும்பொருட்டு அரசினர் வகுத்ததே ‘இல்லம் தேடிக் கல்வி’. அது 2021 அக்டோபர் 27ஆம் நாள் விழுப்புரம் மாவட்டத்து முதலியார்குப்பத்தில் தொடங்கப்பெற்றது. ஏறத்தாழ 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையே ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரப் பாடம். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. சுமார் 2 லட்சம் பேர், பெரும்பாலும் பெண்கள், இப்பணியில் இறங்கினர். பள்ளி திறந்த ஆறு திங்களுக்குள் இழந்த கல்வியில் மூன்றில் இரு பங்கு மீண்டதென்றும், அம்மீட்சியில் ஏறக்குறையக் காற்பங்கு இம்மாலை வகுப்புகளால் விளைந்ததென்றும், கிராமப் பிள்ளைகளை வீடுதோறும் சென்று சோதித்த கார்த்திக் முரளிதரன் முதலிய பொருளியலறிஞர் கணித்துள்ளனர்.

மீளாத பங்கில் ஒரு சிறிதினை யாம் ஒரு திண்ணையிற் கண்டோம். முன்னர் அத்திட்டத்தில் தன்னார்வலராயிருந்த அக்காள் ஒருவர், பன்னிரண்டு பிள்ளைகளைத் தம் வீட்டுத் திண்ணையில் இன்றும் கூட்டி வைத்திருக்கிறார். பகலில் எமக்கு வேலை குறைவு. கரிசற்காட்டில் அது பருத்தியெடுக்கும் காலமாதலால் வளர்ந்த பிள்ளைகள் தாயருடன் காட்டிலிருப்பர். பொழுது சாய்ந்தபின் கைகால் கழுவிக்கொண்டு ஒவ்வொருவராய் வருவர். சிமெண்டுத் தொழிற்சாலை லாரிகள் கடக்குந்தோறும் பாடம் நிற்கும். இரைச்சல் ஓய்ந்ததும் தொடரும். முதல் நாள் யாம் ஏட்டுத் தமிழில் பேசப் பிள்ளைகள் வாய்பொத்திச் சிரித்தனர். தமிழ் ஆனர்ஸ் வகுப்புக்கு அது வேண்டியதே.

அன்றே வேறொரு பிழையும் செய்தோம். ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் பாடநூலைத் திறந்து ஒரு பக்கத்தைத் தடையின்றி வாசித்தான். மகிழ்ந்து, அழைத்துப்போக வந்த அவன் தாயிடம், “உங்கள் மகன் நன்றாய்ப் படிக்கிறான், அம்மா” என்றோம். அவர் சென்றபின் அக்காள் அப்பக்கத்தின் நடுவே ஒரு சொல்லை மட்டும் விட்டு மற்றவற்றைக் கையால் மறைத்து, “இது என்ன, தம்பி?” என்றார். சிறுவன் வாய் திறக்கவில்லை. பக்கம் முழுதும் மனப்பாடம்! 2020இல் முதல் வகுப்பிற் சேர்ந்தவன் அவன். எழுத்தறியவேண்டிய ஆண்டில் பள்ளியையே கண்டிலன்.

மறுநாள் அவன் வரவில்லை. காட்டுக்குச் சென்றோம். “நன்றாய்ப் படிக்கிறான் என்று நேற்றுத்தானே சொன்னீர்கள், தம்பி? பத்து நாள் பருத்திக்கு வரட்டும் என்றிருந்தேன்” என்றார் தாய். யாம் சொன்னது தவறென்று அவன் முன்னிலையிலேயே ஒப்புக்கொள்ளவேண்டியதாயிற்று. அது அவனுக்கும் நாணம், எமக்கும் நாணம். தாய் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர் மாலையில் அனுப்புவதாகச் சொன்னார்.

பதினொரு வயதினனைச் சிறு குழந்தைகளோடு இருத்தி ‘அ, ஆ’ சொல்லச் செய்தால் அவன் ஓடிவிடுவான். ஆதலால் அக்காள் அவனைத் தனியே இருத்தி, சோளம், மேடு, கேணி, தேள் என அவன் நாடோறும் வழங்குஞ் சொற்களையே பலகையில் எழுதிக் காட்டினார். அவனோ தேளைத் ‘தெள்’ என்பான். மேட்டை ‘மெடு’ என்பான். ஒற்றைக் கொம்பும் சுழித்த கொம்பும் அவன் கண்ணுக்கு ஒன்றே.

இவ்விடத்து ஒரு செய்தி எமக்கு வியப்பளித்தது. பண்டு குறிலாகிய எகர ஒகரங்களின்மேற் புள்ளியிடுவதும் நெடிலை வாளா விடுவதும் மரபு. ஓலையில் எழுதுவோர் புள்ளியை ஒழித்தமையால் இரண்டும் வேறுபாடின்றி மயங்கின. இம்மயக்கம் தீர நெடிலுக்குச் சுழித்த கொம்பை அமைத்தவர் வீரமாமுனிவர் என்பர். 1680இல் இத்தாலியிற் பிறந்த அவர், தங்கித் தொண்டுபுரிந்த ஊர்களுள் ஒன்றான ஏலாக்குறிச்சி இவ்வரியலூர் மாவட்டத்தின்கண், கொள்ளிடத்தின் வடபால் உள்ளது. வளர்ந்தபின் பிறமொழி எழுத்தைத் தொடக்கத்திலிருந்து பயின்றவராதலின், நம்மவர் பழக்கத்தாற் கடந்துபோன இடர் அவர் கண்ணிற் பட்டதென்று யாம் கருதுகிறோம். அச்சிறுவன் தடுக்கி நின்றதும் அவ்விடத்தேதான்.

பத்தாம் நாள் அவன் ‘கேணி’யைக் கேணியென்றே வாசித்தான்; ‘சோளம்’ இன்னும் ‘சொளம்’தான். விடைபெறும்போது, எம் நண்பர் அனுப்பவிருந்த கதைநூல்களை அக்காள் வேண்டாமென்றார். பத்துச் சிலேட்டுப் பலகை போதுமாம். “வருகிறவர்கள் யாராயினும் ஒரு மாதமாவது இருக்கும்படி வரச்சொல்லுங்கள், தம்பி. நீங்கள் போனபின் ஒரு வாரம் இவர்கள் என் பாடத்தைக் கேட்கமாட்டார்கள், வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்” என்றும் சொன்னார். ஏப்ரல் விடுமுறைக்குச் செல்ல விரும்பும் மாணவர் தமிழ்த்துறையில் எம்மைக் காண்க.