‘ஒளியும் ஒலியும்’ ஒரு மருந்தா?

“அப்பல்லாம் தெருவுக்கே ஒரு டி.வி.தான். வெள்ளிக்கிழமை ஆச்சுன்னா ‘ஒளியும் ஒலியும்’ பார்க்க அந்த வீட்டு வாசல்ல உட்கார இடம் கிடைக்காது!”

சின்னசேலம் வட்டத்திலுள்ள நைனார்பாளையம் மாதிரி ஊர்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். இந்த வசனம் எப்படியும் வந்து விழும். அவர்கள் பிறந்தபோது ஊர் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993ல் விழுப்புரம் மாவட்டம் ஆனது. 2019ல் கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆகிவிட்டது. மாவட்டத்தின் பெயர் மாறிய மாதிரியே டி.வி.யும் மாறியது. கூரை மேல் ஏறி ஆன்டெனாவைத் திருப்பி, “இப்பத் தெரியுதா... இப்பத் தெரியுதா?” என்று கத்திய காலம் போய், உள்ளங்கையில் செல்போன் வந்துவிட்டது.

ஆனால் அந்தச் செல்போனில் பலரும் தேடிப் பார்ப்பது என்ன தெரியுமா? அதே பழைய நிகழ்ச்சிகளைத்தான்! கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்து, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கிய ‘மர்மதேசம்’, வசனத்தைக் கேட்டாலே சிரிப்பு வரவழைக்கும் ‘ஜுனூன்’, ஞாயிற்றுக்கிழமைப் படம், வாரம் ஒருமுறை வந்த தூர்தர்ஷன் நாடகம், ராதிகாவின் ‘சித்தி’...

“முப்பது வருஷத்துக்கு முந்தினதை இப்ப உட்கார்ந்து பார்க்கிறியே, வேற வேலை இல்லையா?” என்று வீட்டில் திட்டு விழுகிறதா? அவசரப்பட வேண்டாம். இது உடம்புக்கும் மனசுக்கும் நல்லதா, கெட்டதா என்று மருத்துவ உலகம் நிறையவே யோசித்திருக்கிறது.

ஒரு காலத்தில் இது வியாதி!

பழசை நினைத்து ஏங்குவதற்கு ‘நாஸ்டால்ஜியா’ என்று பெயர் வைத்தவர் ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ஜோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர். வருஷம் 1688. ‘வீடு திரும்புதல்’, ‘வலி’ என்ற பொருள் தரும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து உருவாக்கினார். வெளிதேசத்தில் கூலிக்குப் போர் செய்யப் போன ஸ்விஸ் வீரர்கள் ஊர் ஏக்கத்தில் சாப்பாடு இறங்காமல், தூக்கம் வராமல் இளைத்துப்போனார்கள். அதை ஒரு நோய் என்றே அவர் எழுதி வைத்தார்.

இன்றைய மனநல ஆய்வாளர்கள் அப்படிச் சொல்வதில்லை. 2008ல் சீனாவிலும் இங்கிலாந்திலும் உள்ள ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு விஷயத்தைக் கண்டார்கள். தனிமையாக உணரும்போது மனசு தானாகவே பழைய நினைவுகளைத் தேடிப் போகிறது. அப்படிப் போய்விட்டு வந்தவர்களுக்கு, ‘நமக்கும் மனுஷங்க இருக்காங்க’ என்ற தெம்பு கூடுகிறது. பசித்தால் வயிறு சாப்பாட்டைத் தேடுகிற மாதிரிதான் இதுவும்!

இன்னொரு காரணமும் உண்டு. பழைய தொடரில் அடுத்து என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். வில்லன் மாட்டிக்கொள்வான் என்று தெரிந்தே பார்க்கிறோம். நாளைக்கு என்ன ஆகுமோ என்று மனசு பதறும் நேரத்தில், முடிவு தெரிந்த கதை ஒரு ஆறுதல். கொரோனா ஊரடங்கில், 2020 மார்ச் 28 முதல் தூர்தர்ஷன் பழைய ‘ராமாயண’த்தை மறுபடி ஒளிபரப்பியபோது வீடு வீடாக உட்கார்ந்து பார்த்தார்களே, ஞாபகமிருக்கிறதா?

பத்திலிருந்து முப்பது வரை

‘நேற்று காலையில் என்ன குழம்பு?’ என்றால் யோசிக்கிறோம். பள்ளிக்கூட நாளில் கேட்ட டைட்டில் மியூசிக்கை மட்டும் அப்படியே பாடுகிறோம். எப்படி?

மனிதனுடைய நினைவில் சுமார் 10 வயது முதல் 30 வயது வரை நடந்தவை மற்ற வயதில் நடந்தவற்றைவிட அதிகமாகத் தங்கிவிடுகின்றன. முதல் சைக்கிள், முதல் வேலை, கல்யாணம், முதல் குழந்தை எல்லாம் வருவது அந்த வயதில்தானே?

இங்கேதான் பல பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள். 1980ல் பிறந்த மகனுக்கு ‘மர்மதேசம்’ பொக்கிஷம். ஆனால் அவனுடைய அம்மாவுக்கு இன்றைக்கு வயது 70 என்றால், அவருடைய பத்து முதல் முப்பது என்பது 1960களின் நடுவிலிருந்து 80களின் நடுப்பகுதி வரை! அவர் மனசில் பதிந்திருப்பது இலங்கை வானொலி, டூரிங் டாக்கீஸில் மணல் குவித்து உட்கார்ந்து பார்த்த எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்கள். ‘ஒளியும் ஒலியும்’ நிகழ்ச்சியில் அந்தக் காலப் பாட்டு ஒன்று வந்தால் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாரே, அதற்குக் காரணம் இதுதான்.

அதற்காகத் தொண்ணூறுகளின் தொடர்களை அவருக்குக் காட்டக் கூடாது என்றில்லை. பிள்ளைகள் எல்லாம் வீட்டில் இருந்த காலம் அது. அந்த வாசனை அவருக்கும் பிடிக்கும். ஆனால் உங்கள் ஏக்கத்தை அவருக்கு ஊட்டாதீர்கள். அவருடைய வயதைக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுங்கள்.

முதியோருக்கு ‘நினைவுகூரல்’ சிகிச்சை

வயதானவர்கள் பழங்கதை பேசினால் ‘வயசாயிடுச்சு, புலம்புது’ என்று ஒதுக்குவது நம் வழக்கம். அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963ல் இதை மறுத்து எழுதினார். வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது முதுமையில் இயல்பான, தேவையான வேலை என்றார். பழைய போட்டோ, பாட்டு, படம், பொருள்களைக் காட்டிப் பேச வைக்கும் சிகிச்சை பிறகு மறதி நோய் உள்ளவர்களுக்கும் பரவலாக வந்தது.

பலன் உண்டா? 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அமைப்பு 2018ல் சொன்னது இது: வாழ்க்கைத் தரம், ஞாபகசக்தி, பேச்சு, மனநிலை ஆகியவற்றில் சிறிய அளவில் பலன் தெரிகிறது, எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. அதாவது, இது மறதி நோயைக் குணப்படுத்தாது. டாக்டர் கொடுத்த மாத்திரைக்குப் பதிலும் அல்ல. ஆனால் ஒரு மணி நேரம் முகம் மலர்ந்து பேசுகிறாரே... அது சின்ன விஷயமா?

ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் சிகிச்சையில் பாட்டும் படமும் வெறும் தூண்டில்தான். பேச்சுதான் மருந்து. செல்போனில் நாடகத்தைப் போட்டு, ஆயா கையில் கொடுத்துவிட்டு நாம் எழுந்து போய்விட்டால் அது சிகிச்சை இல்லை!

வீட்டில் எப்படிச் செய்வது?

• ஒரு தடவைக்கு அரை மணி நேரம் போதும். நல்ல வெளிச்சத்தில், சத்தம் தெளிவாகக் கேட்கும்படி வையுங்கள். கண்ணாடி போடுபவர் என்றால் போட்டுக்கொள்ளட்டும்.

• நடுநடுவே நிறுத்திப் பேசுங்கள். “அப்ப நம்ம தெருவுல யார் வீட்டுல டி.வி. இருந்துச்சு? நீ யாரோட போய் பார்த்தே? மரவள்ளி பிடுங்கிட்டு வந்து பார்ப்பியா?” என்று கேளுங்கள். கதையைவிட அதைச் சுற்றியிருந்த வாழ்க்கைதான் முக்கியம்.

• பரீட்சை வைக்காதீர்கள். “இவர் பேரைச் சொல்லு பார்ப்போம்” என்று கேட்டு, அவருக்கு வராவிட்டால் அவமானமாகிவிடும். பெயரை நீங்களே சொல்லிவிடுங்கள்.

• தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள். சித்தியை அத்தை என்று சொன்னால் என்ன, குடியா முழுகிப்போய்விடும்?

• இறந்துபோனவரின் நினைவு வந்து கண் கலங்கினால் பதறி அணைத்துவிட வேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். அழுகை நிற்காவிட்டால் அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள்.

• நீங்கள் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிறீர்களா? ஊரில் அம்மா தனியாக இருக்கிறாரா? வாரத்தில் ஒரு நாள், ஒரே எபிசோடை இரண்டு பேரும் பாருங்கள். முடிந்ததும் போன் போடுங்கள். “சாப்பிட்டியாம்மா, மாத்திரை போட்டியா?” என்ற இரண்டு கேள்வியோடு முடிந்துபோகிற பேச்சு, அன்றைக்கு அரை மணி நேரம் ஓடும்!

அளவுக்கு மிஞ்சினால்...

அந்தக் காலத்தில் ‘மர்மதேசம்’ பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்தக் காத்திருப்பே ஒரு கட்டுப்பாடு. இன்று பத்து எபிசோடை ஒரே மூச்சில் பார்த்துவிடலாம். வம்பே அதில்தான்.

இங்கிலாந்தில் 50 வயதைத் தாண்டிய 3,500க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2019ல் வெளியிட்டார்கள். தினம் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் டி.வி. பார்த்தவர்களுக்கு, ஆறு வருஷம் கழித்து, சொற்களை நினைவில் வைக்கும் திறன் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தது. டி.வி.தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் பழசோ புதுசோ, நாள் முழுக்கப் பார்ப்பது ஞாபகத்துக்கு நல்லதில்லை என்று எச்சரிக்கையாகவாவது எடுத்துக்கொள்ளலாமே!

செல்போனை முகத்தருகே வைத்துப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவதும் குறைகிறது. கண் உலர்ந்து எரியும். 20 நிமிஷத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்திலுள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து வாசல்வரை நடந்துவிட்டு வாருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் முறுக்குத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். கை போவதே தெரியாது! தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நிறுத்திவிடுங்கள். குறிப்பாக, பேய், கருப்பு, கொலை எல்லாம் வரும் மர்மத் தொடர்களைப் பகலிலேயே பார்த்து முடிப்பது உத்தமம்.

டாக்டரிடம் எப்போது?

பழையது துல்லியமாக ஞாபகம் இருக்கிறது; காலையில் சாப்பிட்டது மறந்துபோகிறது. பழகிய தெருவிலேயே வழி தடுமாறுகிறது. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். இதையெல்லாம் ‘வயசு’ என்று தள்ளாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரலாம். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

பழைய நிகழ்ச்சிகளிலேயே மூழ்கி, யாரிடமும் பேசப் பிடிக்காமல், சாப்பாடு, தூக்கம் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் சோர்ந்தே இருந்தால் அது இளைஞரானாலும் முதியவரானாலும் மனச்சோர்வாக இருக்கலாம். முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். 2022ல் திறக்கப்பட்ட கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் இருக்கிறது. வெளியே போகத் தயக்கமா? மனநல உதவிக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.

தெருவுக்கு ஒரு டி.வி. இருந்த காலத்தில் நாம் பாதி நேரம் பார்த்தது படத்தை. மீதி நேரம் பார்த்தது பக்கத்தில் இருந்தவர் முகத்தை. படம் இப்போது செல்போனில் சும்மாவே கிடைக்கிறது. பக்கத்தில் உட்கார ஓர் ஆளை மட்டும் நாம்தான் கொடுக்க வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பியுங்களேன்!