ரப்பர் புழு வார்ப்பவர்களே, கவனம்!

ஞாயிற்றுக்கிழமை வந்தால் தூண்டிலும் கையுமாகக் கிளம்புகிறவர்கள் பெங்களூரிலும் உண்டு. விராலுக்கு முன்பெல்லாம் மண்புழுவும் தவளையும்தான் இரை. இன்று நெளியும் பிளாஸ்டிக் புழுவும் ரப்பர் தவளையும் வந்துவிட்டன. கடை விலையைப் பார்த்ததும், "நாமே வார்த்தால் என்ன?" என்ற எண்ணம் எழுவது இயற்கை.

இந்தத் தொழிலே அப்படிப் பிறந்ததுதான். அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவரும் அவர் மனைவியும் 1949-ல் வீட்டு அடுப்பில் பிளாஸ்டிக்கைக் காய்ச்சிப் புழு வார்த்தார்கள். ஆனால் அதில் உள்ள ஆபத்து என்ன என்பது இன்று நமக்குத் தெரியும்.

பால், பாகு, புகை

இதன் மூலப்பொருள் பிளாஸ்டிசால். பி.வி.சி. தூளும், அதை மிருதுவாக்கும் எண்ணெய் போன்ற திரவமும் சேர்ந்த கலவை. பார்வைக்குப் பால்தான். சூடேறினால் கூழாகும், சுமார் 175 டிகிரி செல்சியசில் தெளிந்து பாகாகும். அப்போதே அச்சில் ஊற்றிவிட வேண்டும்.

200 டிகிரியைத் தாண்டவிட்டால் நிறம் பழுத்துக் கருகும். ஹைட்ரஜன் குளோரைடு புகை கிளம்பும். ஈரத்தில் பட்டால் அது அமிலம். கண்ணும் தொண்டையும் ஈரம்தானே! எனவே கண்மதிப்பு போதாது, வெப்பமானி அவசியம்.

ஒற்றை அறையில் கூடாது

சமையல், படுக்கை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் ஒரே அறையில் நடக்கும் வீடுகள் ஸ்ரீராமபுரம், சிவாஜிநகர் பக்கம் ஏராளம். அங்கே இதைக் காய்ச்சவே கூடாது. காற்றோட்டமுள்ள, மழைத்துளி விழாத திறந்த இடம் வேண்டும். பிள்ளைகள் அருகில் வரக்கூடாது.

இதற்கு எடுத்த பாத்திரம் மறுபடி சமையலுக்கு ஆகாது. நேரடித் தீயில் வைக்காமல், சூட்டைக் கட்டுப்படுத்தும் மின் அடுப்பில் சிறிது சிறிதாகக் காய்ச்சுவது நல்லது. சூடான பாகில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் வெடித்துத் தெறிக்கும். பிளாஸ்டர் அச்சு நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். கண்ணாடி, தடித்த கையுறை, முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு கட்டாயம். துணி முகமூடி புகையைத் தடுக்காது. அமிலப் புகைக்கென உள்ள வடிகட்டி முகமூடியே பயன்படும்.

காசை மிச்சம் பிடிக்கப் பழைய செருப்பையும் ஒயர் உறையையும் உருக்குவது பெரும் தவறு. அவற்றில் என்ன கலந்திருக்கிறது என்பது தெரியாது. ஒயர் உறையில் ஈயமும் இருக்கலாம்.

ஈயக்குண்டும் வேண்டாம்

தூண்டிலுக்கு எடை கட்ட ஈயத்தை உருக்குவதும் இதனுடன் சேர்ந்து வரும் பழக்கம். ஈயத்தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பெங்களூர், சென்னை உள்பட ஏழு நகரங்களில் ஜார்ஜ் அறக்கட்டளை நடத்திய ஆய்வு 1999-ல் வெளியானது. சோதிக்கப்பட்ட குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் ரத்தத்தில் ஈயம் அதிகம் இருந்தது. குண்டைக் கடையில் வாங்குவதே மேல்.

சுட்டுவிட்டால்?

பாகு தோலில் ஒட்டினால் பிய்க்காதீர்கள். தோலும் சேர்ந்து வரும். 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டி, மருத்துவரிடம் செல்லுங்கள். விக்டோரியா ஆஸ்பத்திரியில் தீப்புண்ணுக்கென்றே தனிப் பிரிவு உள்ளது. மஞ்சள், பற்பசை எதுவும் தடவ வேண்டாம்.

இத்தனைக்கும் வீட்டில் இடமில்லை என்றால் புழுவைக் கடையிலேயே வாங்கலாம். மண்புழுவுக்கும் விரால் மசியாமல் போவதில்லை.