கம்பியில்லா வலையும் அதன் மெய்யான வேகமும்

மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் நெடுங்காலம் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுள் பல, இன்று தானே கழிமுகத்தைக் கடந்து நவி மும்பையில் குடியேறியிருக்கின்றன. 1970-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற சிட்கோ நிறுவனம் திட்டமிட்டு எழுப்பிய அந்நகரின் ஒரு பகுதியே நெருள். அங்கே அடுக்குமாடி வீடொன்றை மனக்கண்முன் கொண்டு வருவோம். கூடம் ஒன்று, படுக்கையறை ஒன்று, சமையலறை ஒன்று. அவ்வீட்டில் கைப்பேசிகள் இரண்டும் மடிக்கணினி ஒன்றும் உள்ளன. கம்பிவழி இணைய இணைப்பு இல்லை. ஆதலின் ரவுட்டரும் இல்லை. திருநெல்வேலியில் நடந்த திருமணத்தின் காணொளி ஒரு கைப்பேசியில் இருக்கிறது. அதன் அளவு நான்கு ஜிபி. அதை மடிக்கணினிக்கு மாற்ற வேண்டும்.

இணையச் சேமிப்பகம் ஒன்றில் அதை ஏற்றிப் பின்னர் மடிக்கணினியில் இறக்கிக்கொள்வது பலரும் கையாளும் வழி. பத்தடி தொலைவிலுள்ள கருவிக்குச் சேரவேண்டிய செய்தி, எங்கோ உள்ள கிடங்கு வரை சென்று மீள்கிறது. ஏறுவதற்கு நான்கு ஜிபி, இறங்குவதற்கு நான்கு ஜிபி, ஆக எட்டு ஜிபி செலவாகும். நாளொன்றுக்கு இரண்டு ஜிபி என வரம்பு கட்டிய திட்டமாயின், காணொளியில் பாதி ஏறியவுடனேயே அன்றைய பங்கு தீர்ந்துவிடும். அதன்பின் பல திட்டங்களில் வேகம் 64 கிலோபிட்டாகச் சுருங்கும். அன்றிரவு ஊரிலுள்ள தாயாரின் முகத்தைத் திரையில் காண இயலாமற் போகும். ஊரைவிட்டு வந்தோருக்கு இது சிறிய இழப்பன்று.

இதற்கு மாறாக, இரு கருவிகளையும் கம்பியின்றி நேரே இணைத்துவிடலாம். இணையத் திட்டத்திலிருந்து ஒரு துளியும் செலவாகாது. எனினும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று, கருவிப் பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணைக் கொண்டு கணக்கிடப் புகுவோர் ஏமாற்றமடைவர். அச்சிட்ட எண் ஒன்று. கைக்கு வருவது வேறொன்று.

முதலில் அளவையைத் தெளிந்துகொள்வோம். கோப்பின் பருமனைப் பைட்டுகளால் அளக்கிறோம். வலையின் வேகத்தைப் பிட்டுகளால் குறிக்கிறார்கள். எட்டுப் பிட்டுகள் கூடியது ஒரு பைட்டு. ஆகவே நான்கு ஜிபி என்பது ஏறத்தாழ 32,000 மெகாபிட். விற்பனையாளர்கள் பிட்டில் பேசுவதன் காரணம் எதுவாயினும், எண் எட்டு மடங்கு பெரிதாகத் தோன்றுவது அவர்களுக்கு வருத்தம் தராது என்பது திண்ணம்.

இனி வேகம் எங்கே குறைகிறது என்பதைக் காண்போம். வானொலி நிலையம் பேசுகிறது, நேயர்கள் கேட்கிறார்கள். 1927 ஜூலை 23 அன்று பம்பாயில் வானொலி நிலையம் திறக்கப்பெற்ற காலந்தொட்டு இதுவே முறை. பேசுவோர் ஒருவரே ஆதலால் முறை வைத்துக்கொள்ளும் தேவை அங்கே எழவில்லை. கம்பியில்லா வலையிலோ எல்லாக் கருவிகளும் பேச விரும்புகின்றன, அலைவரிசையோ ஒன்றே. ஆதலின் ஒவ்வொரு கருவியும் பேசுமுன் காது கொடுத்துக் கேட்கிறது. வெளி அமைதியாயிருந்தால் சற்றுப் பொறுத்து ஒரு பொட்டலம் செய்தியை அனுப்புகிறது. கிடைத்தது என்று எதிர்க் கருவி விடை தரவேண்டும். விடை வாராவிடின் அதே பொட்டலத்தை மீண்டும் அனுப்புகிறது. கேட்பதற்கும் பொறுப்பதற்கும் விடை பெறுவதற்கும் ஆகும் காலத்தில் காணொளியின் ஒரு துணுக்கும் நகர்வதில்லை.

1971-இல் ஹவாய்த் தீவுகளில் நார்மன் ஆப்ரம்சனும் அவருடைய துணைவர்களும் அலோஹா என்னும் கம்பியில்லாக் கணினி வலையை இயக்கிக் காட்டினர். அதில் காது கொடுத்துக் கேட்கும் வழக்கம் இல்லை, தோன்றியபொழுது பேசலாம். இருவர் ஒரே நேரத்தில் பேசிச் செய்தி சிதைந்தால் மீண்டும் அனுப்ப வேண்டியதுதான். அம்முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்குக்கு மேல் பயன்படாது என்பது கணக்கிட்டு அறிந்த முடிவு. அதனோடு ஒப்பிட்டால், இன்றைய வைஃபை அச்சிட்ட வேகத்தில் ஏறக்குறைய பாதியை நமக்குத் தருவது பெரும்பேறே.

அந்தப் பாதியை எண்ணால் பார்ப்போம். 1999-இல் வந்த நெறிமுறையின் வேகம் 11 மெகாபிட். மெய்யாகக் கிடைப்பது ஐந்து, ஆறு. நம் திருமணக் காணொளிக்கு ஒன்றரை மணி நேரத்திற்கு மேல் பிடிக்கும். 2003-இல் வந்த நெறிமுறைக்கு 54. கிடைப்பது இருபது முதல் இருபத்தைந்து வரை. அதில் இருபத்தைந்து நிமிடம் போதும். 2013-இல் வந்ததில் ஒற்றை ஓடைக்கு 433 எனச் சொல்லப்படுகிறது. அருகருகே வைத்து 200 கிடைத்தாலும் மூன்று நிமிடத்திற்குள் வேலை முடிந்துவிடும். புளூடூத்தை நாடுவோர் மட்டும் நான்கு மணி நேரத்திற்குக் குறையாத பொறுமையைத் திரட்டிக்கொள்வது நல்லது.

ரவுட்டர் இல்லாமையால் வேகம் குறையும் என்று எண்ணுவது இயல்பு. ஒரு காலத்தில் அது உண்மையாகவும் இருந்தது. நடுவர் எவருமின்றி இரு கணினிகள் தமக்குள் பேசும் முறை 1997-ஆம் ஆண்டின் முதல் நெறிமுறையிலேயே உண்டு. ஆனால் பிற்காலத்தில் 54 மெகாபிட் வல்லமை பெற்ற கருவிகள் பலவும், இம்முறையில் இணைக்கப்படும்பொழுது பழைய 11-ஐத் தாண்டாமல் நின்றுவிட்டன. தயாரிப்பாளர்கள் அதற்குமேல் அக்கறை காட்டவில்லை என்பதே காரணம். 2010-இல் வைஃபை டைரக்ட் என்னும் ஏற்பாடு வந்தது. இதில் இரு கருவிகளுள் ஒன்று தானே சிறு ரவுட்டராக வேடம் பூணுகிறது. கைப்பேசியில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து மடிக்கணினியை அதில் சேர்ப்பதும் இவ்வகையே. எனவே புதிய நெறிமுறைகளின் முழு வேகமும் இப்பொழுது எட்டுகிறது.

இங்கே ஒரு வியப்பு உண்டு. ரவுட்டர் உள்ள வீட்டில் கைப்பேசியும் மடிக்கணினியும் ஒரே அலைவரிசையில் கம்பியின்றி அதனோடு இணைந்திருப்பின், ஒவ்வொரு பொட்டலமும் கைப்பேசியிலிருந்து ரவுட்டருக்கு ஒருமுறையும், ரவுட்டரிலிருந்து மடிக்கணினிக்கு மறுமுறையும் காற்றில் பயணம் செய்கிறது. கிடைக்கும் வேகம் மீண்டும் பாதியாகிறது. நேரே இணைத்தாலோ ஒரே பயணம். 54 மெகாபிட் கருவியில் நேர்வழியில் இருபத்தைந்து நிமிடம் ஆவது, ரவுட்டர் வழியே ஐம்பது நிமிடத்தை நெருங்கும். ஆயினும் ஒரு நுட்பத்தை மறத்தலாகாது. கோப்பை வைத்திருக்கும் கருவியோ பெறும் கருவியோதான் ஹாட்ஸ்பாட்டாக இருக்கவேண்டும். இரண்டையும் மூன்றாவது கைப்பேசி ஒன்றின் ஹாட்ஸ்பாட்டில் சேர்த்தால், அம்மூன்றாவது கைப்பேசியே ரவுட்டர் ஆகிவிடும். இரட்டைப் பயணம் திரும்பவும் வந்து சேரும்.

அயலார் தரும் இடையூறும் சிறிதன்று. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைப்பகுதியை 2005-இல் உரிமமின்றிப் பயன்படுத்த விட்டார்கள். அதில் ஒன்றோடொன்று உராயாமல் நிற்கக்கூடிய தடங்கள் மூன்றே. நெருளின் அடுக்குமாடியில் மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு என எல்லார் வலைகளும் அம்மூன்று தடங்களில்தான் நெருக்கியடிக்கின்றன. 2018-இல் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் பரந்த இடம் திறந்துவிடப்பட்டது. அவ்வலை கான்கிரீட் சுவரைக் கடக்கத் திணறும். அயல்வீட்டு அலையும் நம் வீட்டினுள் நுழையத் திணறும் என்பதால், ஒரே அறையில் இருப்போருக்கு அது நன்மையே. ஹாட்ஸ்பாட் அமைப்பில் இதனைத் தெரிவு செய்யும் இடம் பெரும்பாலும் உண்டு.

வலையில் கருவிகள் பலவாயின் வேறொரு தொல்லை தோன்றுகிறது. நிலையத்தில் பயணச்சீட்டு வரிசையில் ஆளுக்கு ஒரு முறைதான். ஆனால் சில்லறையை எண்ணி எண்ணிக் கொடுப்பவர் ஒருவர் வரிசை முழுவதையும் நிறுத்திவிடுகிறார். சமையலறை மூலையில் கிடக்கும் பழைய கைப்பேசி இத்தகையது. 11 மெகாபிட் வேகத்தில் பேசும் கருவியோடு 1 மெகாபிட் வேகத்தில் பேசும் கருவி சேர்ந்தால், இரண்டுமே 1 மெகாபிட்டுக்குக் கீழே வந்துவிடுவதை 2003-இல் பிரான்சின் கிரனோபிள் நகர ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். காணொளியை மாற்றும் வேளையில் ஏனைய கருவிகளை ஹாட்ஸ்பாட்டிலிருந்து விலக்கி வைப்பது நலம்.

தாயாருடன் பேசும் காணொளி அழைப்பு வேறு கதை. இணையம் இங்கே இரு கட்டங்களைக் கடந்து வருகிறது: கோபுரத்திலிருந்து கைப்பேசிக்கு ஒன்று, கைப்பேசியிலிருந்து மடிக்கணினிக்கு மற்றொன்று. இரண்டில் மெலிந்ததே நமக்குக் கிடைக்கும் வேகம். காணொளி அழைப்புக்கு ஒன்றிரண்டு மெகாபிட் போதும். வைஃபை அதனினும் பன்மடங்கு தரவல்லது. ஆகவே முகம் உறைந்து நின்றால் பெரும்பாலும் குறை கோபுரக் கட்டத்தில்தான். ஐயமிருப்பின் கைப்பேசியிலேயே வேகத்தை அளந்து, பின் மடிக்கணினியிலும் அளந்து பார்க்கலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016-இல் வெளியிட்ட மைஸ்பீட் என்னும் செயலி முன்னதற்கு உதவும். இரு எண்களும் ஒத்திருந்தால் வைஃபையின்மீது பழியில்லை. ஆனால் அளப்பதற்கும் இணையம் செலவாகும். நாள்வரம்பு உள்ளோர் பொழுதுபோக்காக அளந்துகொண்டிருத்தல் ஆகாது.

கோபுரக் கட்டம் மெலிந்திருக்குமானால், கைப்பேசியைச் சாளரத்தருகே வைத்துவிட்டு மடிக்கணினியோடு உள்ளே அமரலாம். சாளரத்தருகிலேயே அமர இடமிருந்தால், மின்னேற்றும் யூஎஸ்பி கம்பியாலேயே இரண்டையும் பிணைத்து, அமைப்பில் யூஎஸ்பி வழி இணையப் பகிர்வைத் திறந்துவிடலாம். அயலார் அலைகளுக்கு அங்கே வேலையில்லை. பேசி முடிக்கும்வரை கைப்பேசியின் மின்கலமும் தீராது.